வாசலுக்கு வரவேண்டாம்

செப்டம்பர் 9, திங்கள்

இதை டைரி என்று யாரும் சொல்ல வேண்டாம். இது சோதனைக் குறிப்பு. பிரச்சினை, அளவீடு, முடிவு. அவ்வளவுதான்.

பிரச்சினை: தங்கமாரி அக்காவும் அய்யனார் மச்சானும் அருப்புக்கோட்டையில் நடத்தும் மெஸ்ஸுக்கு முன்னால், பாலம் கட்டுவதற்காக ரோட்டைத் தோண்டிவிட்டார்கள். இரண்டு பக்கமும் தகரம் அடித்தாயிற்று. சாப்பிட வருகிறவன் பறந்து வர வேண்டும், இல்லாவிட்டால் ஜேசிபியில் வர வேண்டும். இன்று மதியம் இரண்டு மேசையில்தான் ஆள். அந்த ஆட்களும் ஜேசிபி ஓட்டுகிறவர்கள்.

ஆள் சாப்பாட்டிடம் வராவிட்டால் சாப்பாடு ஆளிடம் போக வேண்டும். எப்படிப் போக வேண்டும் என்று கண்டுபிடிக்கும் பொறுப்பு என்னுடையது. யாரும் கேட்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். கருவிப் பொறியியல் படித்துவிட்டு அடுத்த வேலைக்கான இடைவெளியில் இருக்கிறேன். சும்மா இருப்பதற்கு இது மேல்.

மச்சான் மலேசியாவில் ஒரு ஓட்டலில் எட்டு வருஷம் அடுப்படியில் நின்றவர். கல்யாணத்துக்கு வந்தார், திரும்பிப் போனார், போன வருஷம்தான் ஒரேயடியாக வந்து கடை போட்டார். பழைய முதலாளி இப்போது போன் போட்டு, "தீபாவளிக்குள்ள வர்றியா இல்லையான்னு சொல்லு" என்றாராம். மச்சான் இதைச் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். "கடை ஓடலைன்னா போகத்தான வேணும், மாப்ள?"

அக்கா, "ரசம் ஊத்தவா?" என்றாள்.

ஆகவே கெடு: தீபாவளி.

செப்டம்பர் 11, புதன்

வழி மூன்று. ஒன்று, ஆட்டோ ஸ்டாண்டில் கொடுத்துவிடுவது. இன்று காலை சோதித்தேன். பார்சலை எடுத்துப்போன ஆட்டோ வழியில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டது. பார்சல் போய்ச் சேர்ந்தது. உள்ளே இருந்த ஆம்லெட் போய்ச் சேரவில்லை. முதல் வழி அடிபட்டது.

இரண்டு, செயலி கம்பெனி. மதுரையிலிருந்து ஒருவர் போனில் விளக்கினார். வாசல்வரை டெலிவரி, வண்டி எங்கே வருகிறது என்று படத்தில் தெரியும், கொடுத்ததற்குச் சாட்சியாக வாசலில் புகைப்படம். எனக்குப் பிடித்திருந்தது. விவரம் எல்லாம் நிரப்பிவிட்டேன், கடைசிப் பொத்தானை அமுக்குவதுதான் பாக்கி.

மச்சான் விடவில்லை. "முதல்ல நம்ம வண்டியில ஓட்டிப் பாரு மாப்ள. நம்ம ஆளுக எங்க இருக்காக, என்ன திங்காகன்னு தெரியட்டும். அப்புறம் அவன்கிட்டப் போவோம்."

தகவல் சேகரிக்கச் சொல்கிறார். ஒப்புக்கொண்டேன். இது மூன்றாவது வழி: வாட்ஸப்பில் ஆர்டர், என் பைக்கில் டெலிவரி, செயலிக்காரர்கள் செய்வதை அப்படியே நானும் செய்வது.

செப்டம்பர் 14, சனி

பார்சல் மூடியில் வியர்த்துச் சுக்காவில் தண்ணீர் சொட்டுகிறது. வாழை இலையை மேலே வைத்து மூடினால் குறைகிறது. வெப்பமானியை மட்டன் சுக்காவுக்குள் சொருகி வைத்திருந்ததை அக்கா பார்த்துவிட்டாள்.

"டேய், காய்ச்சலா அதுக்கு?"

ஒரு விசித்திரம். துளசி நகரிலிருந்து வருகிற ஆர்டர் எல்லாமே ஒரே இடத்தைக் காட்டுகிறது: தண்ணீர்த் தொட்டி. ஊர்க் குடிநீருக்காகக் கட்டிய உயரமான தொட்டி, அதன் பின்பக்கம் முள்செடி. அங்கே யாரும் குடியிருக்க முடியாது. செல்போன் கோபுரக் கோளாறாக இருக்கலாம்.

செப்டம்பர் 17, செவ்வாய்

புரட்டாசி பிறந்துவிட்டது. அக்கா காலையிலேயே கறியைக் குறைத்து எடுக்கச் சொன்னாள். "இந்த மாசம் எவன் கறி திம்பான்? எல்லாரும் நாமம் போட்டுக்கிட்டு கோவிந்தா சொல்லிக்கிட்டு அலைவாக."

எதிர்பார்த்தபடியே எல்லாத் தெருவிலும் ஆர்டர் விழுந்தது. துளசி நகரில் மட்டும் ஏறிவிட்டது.

இது நடக்க முடியாது. துளசி நகரில் வீட்டுக்கு வீடு பெருமாள் படம். சனிக்கிழமை தோறும் பஜனை. ஊரிலேயே விரதத்துக்குப் பேர்போன குடியிருப்பு அது. நிச்சயமாக அளவீட்டில்தான் பிழை.

செப்டம்பர் 19, வியாழன்

அளவீட்டில் பிழை இல்லை. இதுவரை பார்சலை நீட்டியதோடு சரி; இன்று தொட்டியடியில் வாங்க வருகிறவர்களைக் கவனித்தேன்.

முதலில் ஒருவர் நாயைக் கூட்டிக்கொண்டு உலாத்துகிற மாதிரி வந்தார். பார்சலை வாங்கி வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டு, நாயிடம் "போதும், வா" என்று சொல்லித் திரும்பினார். அடுத்து ஒரு பெண் குப்பை வாளியோடு வந்தாள். வாளியில் குப்பை இல்லை. பிறகு ஓர் அம்மாள் பூக்கூடையோடு வந்தார். ஈரல் வறுவலை வைத்து, மேலே துளசியைப் பரப்பினார்.

"வீடு எங்கம்மா? வாசலுக்கே கொண்டு வந்து தர்றேன்" என்றேன்.

"இங்கதான் தம்பி" என்று நாலு திசைக்கும் கை காட்டினார். "நீ அங்க வரவேணாம். உனக்கெதுக்குச் சிரமம்?"

சிரமம் என்று நான் சொன்னேனா? வெயிலில் தொட்டியடியில் ஒவ்வொருவருக்காகக் காத்து நிற்பதுதான் சிரமம். ஒரு நடையில் முடிக்க வேண்டியது பாதி மதியத்தைத் தின்கிறது.

தொட்டியடியில் தண்ணீர் கேன் லோடு ஆட்டோ ஒன்று நிற்கும். ஓட்டுகிறவள் ஆரோக்கியமேரி. அப்பாவுக்கு முதுகு வலி வந்தபின் கேன் வியாபாரத்தை அவள்தான் பார்க்கிறாளாம். துளசி நகரில் எல்லா வீட்டுக்கும் அவள் தண்ணீர்தான். ஒரு போன் நம்பரைக் காட்டி, "இது எந்த வீடு?" என்று கேட்டேன்.

"எதுக்கு?"

"வாசல்ல கொடுக்க."

"வேணாம்."

"ஏன்?"

"வேணாம்னா வேணாம். ஒனக்குச் சொன்னாப் புரியாது."

எனக்குப் புரியாது என்று சொல்ல இவள் யார்?

செப்டம்பர் 23, திங்கள்

ஆரோக்கியமேரியின் உதவி தேவைப்படவில்லை. பணம் அனுப்பும்போது அவர்களுடைய பெயர் என் போனில் விழுகிறது. துளசி நகரில் கேட்டுக்குக் கேட்டு பெயர்ப்பலகை உண்டு. இரண்டையும் பொருத்தினேன். ஒரு சாயங்கால வேலை.

இதில் இன்னொரு கண்டுபிடிப்பு. 'வைகுண்டம்' என்று பலகை போட்ட வீட்டிலிருந்து இரண்டு நம்பரில் தனித்தனியாக ஆர்டர் வருகிறது. ரெங்கநாயகி, ஓய்வு பெற்ற தலைமையாசிரியை, சுக்கா. அவர் கணவர் வரதராஜ், ஈரல் வறுவல். இவர் வாங்கிப் போய்க் கொஞ்ச நேரம் கழித்து அவர் வருகிறார். ஒரே வீட்டுக்கு இரண்டு தடவை தொட்டியடியில் நிற்கிறேன்! இனி இரண்டையும் ஒரே பையில் போட்டு வாசலில் கொடுக்க வேண்டியது.

மச்சான் மலேசியாவிலிருந்து கொண்டுவந்த பெரிய பெட்டியை அக்கா பரணிலிருந்து இறக்கி வெயிலில் வைத்திருந்தாள். எலி நாற்றமாம். எனக்கு ஒன்றும் அடிக்கவில்லை.

செப்டம்பர் 28, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

'வைகுண்டம்' வீட்டு வாசலில் நிறையச் செருப்பு கிடந்தது. உள்ளே மணிச் சத்தம். ஏதோ விசேஷம், சூடாகக் கொடுத்தால் நல்லது என்று அழைப்பு மணியை அமுக்கினேன். கதவு திறந்துதான் இருந்தது. கூடம் நிறையத் தெருக்காரர்கள். நடுவே பெருமாள் படம், மாவிளக்கு, சர்க்கரைப் பொங்கல். டீச்சர் கையில் கற்பூரத் தட்டு. சார் நெற்றி நிறைய நாமம்.

செயலிக்காரர்கள் சொல்லியிருந்த முறைப்படி பொருளை வாசித்துச் சரிபார்த்தேன். சத்தமாகத்தான் வாசிக்க வேண்டியிருந்தது, மணி அடித்ததால்.

"மட்டன் சுக்கா ஒண்ணு, ரெங்கநாயகி. ஈரல் வறுவல் ஒண்ணு, வரதராஜ். சரியா இருக்கான்னு பாத்துக்கோங்க."

மணி நின்றுவிட்டது.

டீச்சரும் சாரும் என்னைப் பார்க்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எதிர்பாராத அளவு காட்டுகிற கருவியைப் பார்ப்பது போன்ற பார்வை.

"தம்பி, நீ வீடு மாறி வந்துட்ட" என்றார் சார்.

"இல்ல சார், நம்பர் இருக்கே" என்று போனைக் காட்டினேன். பையை வாசற்படியில் வைத்துப் புகைப்படம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். படத்தில் கற்பூரத் தட்டும் விழுந்திருக்கிறது. நல்ல தெளிவு.

செப்டம்பர் 29, ஞாயிறு

துளசி நகரில் ஆர்டர் இல்லை. ஞாயிற்றுக்கிழமையில்!

செப்டம்பர் 30, திங்கள்

இல்லை.

அக்காவுக்கு விஷயம் வந்துவிட்டது. இட்லித் தட்டோடு கத்தினாள். "அறிவிருக்காடா ஒனக்கு? புரட்டாசிச் சனிக்கிழமை, பெருமாளுக்குத் தளிகை போட்ட வீட்டுக்குள்ள, சுக்காவைப் பேர் சொல்லி ஏலம் போட்டிருக்கே!"

"ஆர்டர் கொடுத்தவங்களுக்குத்தான கொடுத்தேன்? சூடும் குறையல."

மச்சான் விழுந்து விழுந்து சிரித்தார். "புருசன் பொண்டாட்டி ரெண்டு பேருமா? தனித்தனியாவா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார். பிறகு மிச்சம் கிடந்த கறியைப் பார்த்தார், சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

அக்டோபர் 2, புதன்

மச்சான் மதுரைக்கு மெடிக்கல் செக்கப்புக்குப் போய் வந்தார். உடம்புக்கு ஒன்றும் இல்லையாம். ஒன்றும் இல்லாத உடம்புக்கு எதற்கு மதுரைவரை போக வேண்டும் என்று அக்கா கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. மார்பு எக்ஸ்ரே எடுத்த உறை மேசைமேல் இருந்தது. அக்கா அதன்மேல் வெங்காயத்தைக் கொட்டி உரித்தாள்.

செயலியின் கடைசிப் பொத்தானை அமுக்கிவிடலாம் என்று போனை எடுத்தேன். அவர்களும் வாசலுக்குத்தானே போவார்கள்? வைத்துவிட்டேன்.

அக்டோபர் 3, வியாழன்

ரெங்கநாயகி டீச்சர் போன் செய்தார். ஒரே வார்த்தை: "வா."

போனேன். கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். சார் அடுப்படியில் ஏதோ உருட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன படிச்சிருக்க?"

சொன்னேன்.

"அதுல மனுசங்களைப் பத்தி ஒரு பாடமும் கிடையாதா?"

"விருப்பப் பாடமா இருந்துச்சு டீச்சர். நான் எடுக்கல."

சார் உள்ளே சிரிப்பது கேட்டது. டீச்சர் திரும்பி முறைத்தார்.

"மன்னிச்சிருங்க. உங்களுக்குள்ள சண்டை ஆயிருச்சா?"

"அன்னைக்கு ரெண்டு பேரும் சேர்ந்து உன்மேல கோவப்பட்டோம். அதான் வசதியா இருந்துச்சு. எல்லாரும் போனப்புறம் நான் கேட்டேன், ஏங்க, நீங்க விரதம்னுதான நானும் இத்தனை வருசம் நாக்கைக் கட்டிக்கிட்டுக் கிடந்தேன்? அவரு சொல்றாரு, நீ பஜனைக்குத் தலைவி, உனக்காகத்தான் நான் இருந்தேன்னு."

"அப்ப அந்தப் பார்சல்?" இதை எப்படிக் கேட்காமல் இருப்பது?

"சூடு பண்ணித் தின்னோம்" என்றார் சார் உள்ளிருந்து. "சுக்கா அவளுக்கு, ஈரல் எனக்கு. அப்புறம் மாத்தியும் தின்னோம்."

"நீங்க சும்மா இருங்க." டீச்சர் என் பக்கம் குனிந்தார். "எங்க கதை முடிஞ்சுது. பஜனைக்காரங்க யாரும் எங்களை ஒரு வார்த்தை கேக்கல. ஏன்னு தெரியுமா? கேட்டா அடுத்து நீ அவங்க வாசல்ல வந்து நிப்பே. தெருவே உன்னைக் கண்டு பயந்து கெடக்கு. உங்க மெஸ் நம்பரை எல்லாரும் போன்லருந்து அழிச்சுட்டாங்க. போன் யார் கையிலயாவது மாட்டிக்கிட்டா?"

நான் என் போனைச் சட்டைப் பைக்குள் போட்டேன்.

"எங்களுக்கு இனிமே சனிக்கிழமை தவிர மத்த நாள்ல சுக்கா வேணும். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். ஆனா உன் வண்டி வரக் கூடாது. நீ வரக் கூடாது. எவனும் வந்தது தெரியக் கூடாது. நாங்களும் தொட்டியடிக்கு வர முடியாது, இப்ப அங்க எவன் போனாலும் எல்லாரும் எட்டிப் பாக்குறாங்க. எப்படின்னு யோசி. இன்ஜினியர்தான நீ?"

வாழ்க்கையில் எனக்கு யாரும் இவ்வளவு தெளிவாகப் பிரச்சினையை வரையறுத்துக் கொடுத்ததில்லை.

அக்டோபர் 4, வெள்ளி

காலையிலிருந்து துளசி நகர் முனை டீக்கடையில் உட்கார்ந்து பார்த்தேன். கேள்வி: இந்தத் தெருவுக்குள் யார் போனால் யாரும் பார்ப்பதில்லை?

கூரியர்காரன் வந்தான். அத்தனை ஜன்னலும் திறந்தது. கீரைக்காரம்மா வந்தார். பேரம் பேசத் தெருவே கூடியது. தபால்காரரை நிறுத்தி ஒருவர் குடும்ப நலம் விசாரித்தார். துணி தேய்க்கிறவரிடம் ஒரு சட்டைக்கு இரண்டு வீடு சண்டை. கேஸ் சிலிண்டர் வண்டியைப் பார்த்துக் குழந்தைகள் ஓடிவந்தார்கள்.

தண்ணீர் கேன் வண்டி வந்தது. ஒருவரும் தலை நிமிரவில்லை. நாய்கூடக் குரைக்கவில்லை. ஆரோக்கியமேரி கேனைத் தோளில் போட்டுக்கொண்டு, கேட்டைத் தானே திறந்து, அடுப்படிவரை போய் வைத்துவிட்டு, காலிக் கேனோடு வெளியே வந்தாள். அடுப்படிவரை! மாமியார் ஒருவர் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவருக்கு இவள் போனதும் தெரியவில்லை, வந்ததும் தெரியவில்லை.

தொட்டியடிக்கு ஓடினேன்.

"என்ன, இன்னைக்கு எந்த வீட்டுப் பூசையில மீன் குழம்பு?" என்றாள்.

சொன்னேன். கேனோடு பார்சலையும் கொண்டுபோக முடியுமா என்பதுவரை முழுதும் கேட்டாள்.

"நான் அன்னைக்கே வேணாம்னேனா இல்லையா?"

"காரணம் சொல்லலையே."

"காரணம் சொன்னா அது நான் அவுகளைக் காட்டிக் கொடுத்த மாதிரி ஆகும். எத்தன அடுப்படிக்குள்ள போறேன், எந்த அடுப்படி பத்தி எங்கயாவது வாய் தொறந்திருக்கேனா?" பிறகு, "ஒரு கேனுக்கு ஒரு பார்சல். வாசனை வரக் கூடாது, வந்தா என் தண்ணி வியாபாரமும் போயிரும். அப்புறம் எனக்குத் தினம் மதியச் சாப்பாடு. மீன் இல்லாம இறங்காது."

"சரி."

"அப்புறம் நீ வாய் தொறக்கக் கூடாது."

"அதுவும் சரி."

"அது ஒனக்குக் கஷ்டம்" என்றாள்.

அக்டோபர் 6, ஞாயிறு

வாசனைச் சோதனை. கருவி: தொட்டியடி நாய். கேன் வண்டிக்குப் பழகிய நாய் அது. அது திரும்பிப் பார்த்தால் தோல்வி.

வாழை இலை, அலுமினியத் தாள்: நாய் எழுந்து வந்தது. மேலே இரண்டு பிளாஸ்டிக் பை: வால் ஆடியது. ரப்பர் வளையம் வைத்த எவர்சில்வர் டப்பா: தலையைத் தூக்கியது, யோசித்தது, படுத்துவிட்டது. அதே டப்பாவைக் கேனுக்குப் போடுகிற நீலத் துணி உறைக்குள் வைத்தோம். கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

"நாய் பாஸ் பண்ணிருச்சு" என்றாள் ஆரோக்கியமேரி. "ஒனக்குத்தான் சந்தேகம்." சிரித்தால் அவளுக்கு இடது கன்னத்தில் ஒரு பள்ளம் விழுகிறது. சோதனைக்குச் சம்பந்தமில்லை.

அக்டோபர் 8, செவ்வாய்

டீச்சர் பஜனைக்காரர்களிடம் நேற்று ஒரே ஒரு வரி சொன்னாராம்: "அந்த மெஸ்காரப் பையன் இனிமே நம்ம தெருவுக்கு வரமாட்டான்." அதற்குமேல் ஒன்றும் இல்லை.

இன்று மதியத்துக்குள் நாலு வீட்டில், கேன் வைக்கப் போன ஆரோக்கியமேரியிடம் அடுப்படியில் வைத்தே ஆர்டர் சொல்லிவிட்டார்கள்.

அக்டோபர் 11, வெள்ளி

நேற்று கேன் வண்டி இரண்டு நடை. டப்பா போதவில்லை. மச்சான் இரண்டாவது அடுப்பைப் பற்றவைத்தார். வியாழக்கிழமை மட்டும் ஆர்டர் ஏன் அதிகம் என்று புரியவில்லை. வெள்ளியும் சனியும் அவர்கள் உண்மையாகவே சுத்தமாக இருப்பார்களோ, அதற்கு முன்னால் ஒரு கட்டு கட்டுகிறார்களோ? விசாரிக்க வேண்டும். யாரிடம் என்பதுதான் தெரியவில்லை.

அக்டோபர் 18, வெள்ளி

புரட்டாசி முடிந்தது. இனி ஒளிய வேண்டிய அவசியம் இல்லை. எல்லாருக்கும் செய்தி அனுப்பினேன்: "இனிமேல் வாசலுக்கே வரலாமா?"

ஒருவர்கூட வரச் சொல்லவில்லை.

இதை எதிர்பார்க்கவில்லை. ஒவ்வொருவராகக் கேட்டேன். ஒரு மருமகள்: "ஓட்டல்ல வாங்கினேன்னு தெரிஞ்சா, மாமியார் ஊருக்கே சொல்லுவாங்க." அவருடைய மாமியார், வேறு நம்பரில்: "மருமக மனசு கஷ்டப்படும் தம்பி, அவ குழம்பு அப்படி." இன்னொருவர்: "பக்கத்து வீட்டுக்கு ஒரு கிண்ணம் கொடுக்கணுமே." நாய்க்காரர்: "டாக்டர் வேணாம்னிருக்கார். எனக்கு, நாய்க்கு இல்ல."

புரட்டாசி என்கிற ஒரே காரணம்தான் என்று நினைத்திருந்தேன். வீட்டுக்கு ஒரு காரணம் இருக்கிறது.

செயலி கம்பெனிக்காரர் கூப்பிட்டார். டெலிவரி ஆனது யாருக்கும் தெரியாதபடி ஒரு வசதி உங்களிடம் உண்டா என்று கேட்டேன். "அப்படி யாரும் கேட்டதில்ல சார்" என்றார். அவரிடம் மன்னிப்புக் கேட்டுப் பதிவை நீக்கச் சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

மதியம் உச்ச நேரம். மச்சான் இரண்டு கையாலும் சுக்கா புரட்டிக்கொண்டிருந்தார். அக்கா டப்பாவில் ரப்பர் வளையம் பொருத்திக்கொண்டிருந்தாள். ஆரோக்கியமேரி கேன் வண்டியை வைத்துக்கொண்டு பின்வாசலில் நின்றாள். அப்போது மச்சானின் போன் அடித்தது. மலேசியா நம்பர்.

"எடுத்து ஸ்பீக்கர்ல போடு, தங்கம்" என்றார் மச்சான்.

"அய்யனாரு! டிக்கெட் போடச் சொல்லவா? தீபாவளி முடிஞ்ச கையோட இங்க இருக்கணும். மெடிக்கல் எல்லாம் வந்துருச்சு."

மச்சான் கரண்டியை நிறுத்தினார். வாயைத் திறந்தார். என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

அக்கா போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"முதலாளி, நான் தங்கமாரி பேசுறேன். அவரு வர மாட்டாரு."

"அம்மா, அவனைப் பேசச் சொல்லு."

"அவரு பேசினா யோசிச்சுப் பேசுவாரு. அதான் நான் பேசுறேன். எட்டு வருசம் ஒங்ககிட்ட இருந்தாரு. ஒரு நாள்கூட நான் அனுப்புங்கன்னு கேட்டதில்ல. இவர்கிட்ட வாங்கன்னும் சொன்னதில்ல. கடை ஓடலைன்னா இப்பவும் சொல்லியிருக்க மாட்டேன். இப்ப ஓடுது. எனக்கு இவரு இங்கதான் வேணும்."

அந்தப் பக்கத்திலிருந்து, "சரிம்மா. நல்லா இருங்க" என்று ஒரு குரல். அக்கா போனை வைத்தாள்.

மச்சான் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பின்வாசலில் ஆரோக்கியமேரி பார்த்தாள். நானும் பார்த்தேன். சுக்கா அடிப்பிடிக்கிற வாசனை வந்தது.

"என்னத்துக்கு எல்லாரும் என்னையே பாக்கீக?" என்றாள் அக்கா, முகத்தைத் திருப்பாமல். "கிண்டுங்க. கேன் வண்டி நிக்குதுல்ல?"